ஏழாம் மிரர் எத்தனை நாள் பழசு

முதல் குத்து மூக்கில் விழுந்தபோது பட்டியலில் இருபத்து மூன்று வரிகளும் பச்சையாக இருந்தன. இரண்டாவது குத்து தாடையில் விழுந்தபோதும் அப்படியே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் பட்டியல் அது. நடுவில் ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டு, மறுபடியும் எல்லாம் நலம் என்று அறிவித்தது.

கெடிகாரம் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, சுவரில் மண்டையை இடித்து, தரையில் வந்து உட்கார்ந்தான். வீட்டில் வைத்த பேர் வேறு. எதைப் பார்த்தாலும் "இது எத்தனை மணி நேரம் பழசு?" என்று கேட்பதால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பேர் இது. டீயைப் பார்த்துக் கேட்பான், பேப்பரைப் பார்த்துக் கேட்பான். ஒரு தடவை பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்த்தும் கேட்டு, அதன் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அடித்தவர் ஒரு வெல்டர். கொண்டுவந்த இரும்புக் குழாயை மேசை மேல், மவுஸுக்குப் பக்கத்தில், உருளாமல் வைத்துவிட்டுத்தான் வெறுங்கையால் ஆரம்பித்தார். எதையும் வரிசைப்படி செய்கிற ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"எழுந்திரு."

"எழுந்தா மறுபடி குத்துவீங்க, அண்ணே."

"உக்காந்திருந்தா உதைப்பேன்."

இரண்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டு எழுந்தான். மூன்றாவது குத்து விலாவில் இறங்கியது. கீழே ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் ஒருத்தன் சாத்தப்படுகிறான் என்பது அதன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இந்தப் பச்சைப் பட்டியல் போடுறது நீதானே?" என்றார் வெல்டர்.

"நான்தான். இத முதல்லயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டுட்டு அடிச்சா பாவமா இருக்கும்."

பட்டியல் இதுதான். தொழிற்சாலை மெஷின்களை ஓட்டும் மென்பொருளை ஒரு சங்கம் எழுதி இலவசமாகக் கொடுத்துவந்தது. எல்லோரும் ஒரே சர்வரில் வந்து இறக்கினால் அதற்கு மூச்சு முட்டிவிடும். அதனால் அங்கங்கே சிலர் அதன் முழு நகலைத் தங்கள் சர்வரில் வைத்திருந்தார்கள். அந்த நகல்களுக்கு மிரர் என்று பேர். தலைமை சர்வரில் எது மாறினாலும் மிரர்கள் அதைப் பார்த்துத் தங்களையும் மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த மிரர் எத்தனை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது கெடிகாரத்தின் வேலை. பச்சை என்றால் புதுசு. மஞ்சள் என்றால் ஒரு நாள் பழசு. சிவப்பு என்றால் அந்தப் பக்கமே போகாதே. மூன்று வருஷமாக இதைச் செய்துவருகிறான். ஒருத்தர் பாராட்டியதில்லை, ஒருத்தர் அடித்ததும் இல்லை.

"என் தங்கச்சி பிரஸ் ஆபரேட்டர்" என்றார் வெல்டர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் கெடிகாரத்தின் சட்டைக் காலரை முறுக்கிக்கொண்டே போனது. "தகடு அடிக்கிற பிரஸ். முன்னாடி ஒரு லைட் வரிசை இருக்கு. கை உள்ள இருந்தா அது பாத்துடும், பிரஸ் எறங்காது. முந்தாநாள் எறங்குச்சு."

"எத்தனை விரல்?"

"ரெண்டு. அது தெரிஞ்ச கோளாறாம். முப்பத்தெட்டு நாள் முன்னாடியே திருத்தி விட்டாச்சாம். மெஷின் தெனம் காலைல மிரர்கிட்ட 'புதுசா ஏதாவது இருக்கா'ன்னு கேக்குதாம். 'ஒண்ணும் இல்ல'ன்னு பதில் வருதாம். சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வந்து உன் பட்டியலப் பாத்திருக்காரு. எல்லாம் பச்சை. மிரரெல்லாம் புதுசாத்தான் இருக்குன்னு நீ சொல்லிட்ட. நோட்டுல கையெழுத்துப் போட்டு, ஓட்டுன்னுட்டாரு."

"சூப்பர்வைசர்..."

"அவர அடிச்சாச்சு. தங்கச்சி வார்டுலேர்ந்து ரெண்டு வார்டு தள்ளிப் படுத்திருக்காரு. அவர்தான் உன் விலாசம் குடுத்தாரு." காலரை விட்டுவிட்டுக் குழாயைக் கையில் எடுத்தார். "டைப் அடிக்க எந்தக் கை?"

"ரெண்டும்."

"எது அதிகம்?"

வேறு எவனாக இருந்தாலும் இடது என்று சொல்லியிருப்பான். கெடிகாரம் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே பழகிப்போனவன். "வலது" என்றான். "எண்டர் பட்டன் அந்தப் பக்கம்தான் இருக்கு."

வெல்டர் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து மேசை மேல் அழுத்தினார். குழாய் தலைக்கு மேலே போனது. அப்போதுதான் திரையின் மூலையில் மணி அவன் கண்ணில் பட்டது. பதினொன்று நாற்பது.

"அண்ணே, ரெண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட்!"

குழாய் மேலேயே நின்றது.

"உங்க தங்கச்சி பிரஸ் மட்டும் இல்ல. அதே மிரர்ல எடுக்கிற எல்லா பிரஸ்லயும் பழைய புரோகிராம்தான் இருக்கும். ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப மெஷினே என் பட்டியலப் படிக்கும். அதோட மிரர் சிவப்பா இருந்தா ஓடாது. இப்பப் பச்சையா இருக்கு. ஓடும்."

"அப்ப சிவப்பு அடி."

"எந்த மிரர் பொய் சொல்லுதுன்னு தெரியாதே. மெஷின் கிட்டத்துல இருக்கறத தானே தேடிக்கும்."

"எல்லாத்தையும் சிவப்பாக்கு."

"எல்லாம் சிவப்பா இருந்தா பட்டியலே கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மெஷின் நேத்துப் பட்டியல எடுத்துக்கும். வேலை நிக்கக் கூடாதுன்னு முதலாளிங்க கேட்டு வாங்கின வசதி. எது பழசுன்னு கண்டுபிடிச்சு, புரோகிராமத் திருத்தி, சரியான பட்டியலப் போடணும். அதுக்குக் கை வேணும்." எச்சிலோடு ரத்தத்தையும் விழுங்கினான். "ரெண்டு மணி வரைக்கும் இந்தக் கைய எனக்குக் குடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

வெல்டர் யோசித்தார். போனை எடுத்துத் தங்கச்சியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

"ரெண்டு மணி வரைக்கும் கேக்கறான்."

"குடு" என்றது போன். மருந்து மயக்கத்தில் குரல் இழுத்தது. "ஆனா பக்கத்துலயே உக்காரு. அடிச்சுப்போட்டாச்சுன்னு அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடிடப் போறான். இங்க இடம் இல்ல."

வெல்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்கால் மேல் குழாயைக் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

கெடிகாரம் மூக்கில் பேப்பரைச் சுருட்டி அடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். கோளாறு எங்கே என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷமாக அது அவன் கண் முன்னாலேயே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலைமை சர்வர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு குட்டிக் கோப்பில் அப்போதைய மணியை எழுதிவைக்கும். மற்ற கோப்புகளோடு அதையும் மிரர்கள் எடுத்துப் போகும். பட்டியல் ஒவ்வொரு மிரரிலும் அந்தத் தேதிக் கோப்பை மட்டும் திறந்து பார்க்கும். அதில் இருக்கும் மணிதான் அந்த மிரரின் வயசு. மூட்டை முடிச்செல்லாம் ஏற்றி முடித்த பிறகு, கடைசியாகத்தான் தேதிக் கோப்பை எடுக்க வேண்டும் என்பது விதி. விதி இருக்கிறது, ஆகவே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று கெடிகாரம் நம்பியிருந்தான்.

"ஆக, மூட்டையப் பிரிச்சுப் பாக்கல. மேல ஒட்டியிருந்த சீட்ட மட்டும் படிச்சிருக்க" என்றார் வெல்டர்.

"ஆமா."

வெல்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குழாயின் நுனியால் அவன் முழங்காலில் ஒன்று வைத்தார். "கைய தொடல. நீ பாரு."

வலி தொடை வரை ஏறி, அங்கே குடியேறியது. கெடிகாரம் தட்டிக்கொண்டே இருந்தான். புதுப் புரோகிராம் சீட்டை நம்பாது. தலைமை சர்வரில் கடந்த இரண்டு மாதத்தில் வந்த கோப்புகளைத் தேதிவாரியாக எடுத்து, ஒவ்வொன்றும் மிரரில் இருக்கிறதா, இருந்தால் எழுத்துக்கு எழுத்து அதேதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். எந்தத் தேதியோடு ஒப்புமை அறுகிறதோ அதுதான் மிரரின் உண்மையான வயசு.

ஒவ்வொரு மிரராகப் பதில் வந்தது. முதல் மிரர், ஒரு மணி நேரம். இரண்டாவது, நாற்பது நிமிடம். மூன்றாவது பதினொரு மணி நேரம் பழசு, பரவாயில்லை. ஏழாவது வந்தபோது மணி ஒன்று ஐந்து.

நாற்பத்தொரு நாள்.

மறுபடி ஓட்டிப் பார்த்தான். நாற்பத்தொரு நாள். மூன்றாவது தடவையும் அதேதான். ஏழாவது மிரர் இரண்டு தெரு தள்ளி, ஒரு கல்லூரியின் அடித்தளத்தில் இருக்கிறது. அதை நடத்துவது அவன் அத்தான். அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புது மாப்பிள்ளை.

பட்டியலில் எது மிகப் புதுசோ அதுதான் முதல் வரியில் வரும். ஆறு வாரமாக அத்தானின் மிரர்தான் முதலிடம். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, லேமினேட் செய்து, கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். கல்யாணப் படம் கொஞ்சம் சின்னது.

போன் போட்டான். "அத்தான், ஏழாவதுல டிஸ்க் நெறஞ்சிருக்கா?"

"யாரு சொன்னா? நீ எதையும் தொடாத. அங்கேயே இரு, வரேன்."

பத்தாவது நிமிடம் அத்தான் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார். மச்சானின் வீங்கிய மூக்கைப் பார்த்தார். ஸ்டூலில் குழாயோடு இருந்தவரைப் பார்த்தார்.

"என்ன, பாத்ரூம்ல லீக்கா?"

"இவர் வெல்டர், அத்தான். இவர் தங்கச்சிக்குப் பிரஸ்ல ரெண்டு விரல் போயிடுச்சு. உங்க மிரர்ல பழைய புரோகிராம் இருந்ததால."

அத்தானின் முகம் வெளுத்து, மறுபடி சிவந்தது. ஆனால் பேசியபோது வெல்டரைப் பார்க்கவில்லை. "மச்சான், நான் என்ன வேணும்னா செஞ்சேன்? டிஸ்க் நெறஞ்சுபோய் எதுவும் ஏறல. பட்டியல்ல மஞ்சளாயிட்டேன். உங்க அக்கா பாத்துட்டு, 'என்னங்க, என் தம்பி பட்டியல்ல நீங்க கடைசியா?'ன்னா. கல்யாணமாகி ரெண்டு வாரம்டா. எனக்கு எப்படி இருக்கும்? அதான் தேதிக் கோப்ப மட்டும் தனியா எடுக்கறாப்ல ரெண்டு வரி எழுதிவெச்சேன். ரெண்டு நாள்ல டிஸ்க்க காலி பண்ணிடலாம்னுதான் இருந்தேன்."

"ஏன் பண்ணல?"

"என்னத்த அழிக்கறது? எங்க கல்யாண வீடியோ கெடக்கு அதுல. அதுவும் மூணு பிரதி! வீடியோக்காரன் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிட்டான் போல. அத அழிச்சா உங்க அக்கா என்னைய அழிச்சிடுவா."

கெடிகாரம் ஏழாவது மிரருக்குள் நுழைந்து பார்த்தான். கல்யாணம். கல்யாணம்-2. கல்யாணம்-3. ஆறு கேமரா, மூன்று நாள், ஒரு விநாடி வெட்டாமல். ஏற்றிய தேதி, நாற்பத்தொரு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மாலை.

வீடியோக்காரனுக்கு அந்த சர்வரின் கதவு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு பை நிறைய டிஸ்குகளைக் கொடுத்து, "எங்கயாவது ஏத்திப் பத்திரமா வைடா, டிஸ்க்க வீடியோக்காரனுக்குத் திருப்பித் தரணும்" என்றாள். கெடிகாரம்தான் வைத்தான். ஒரு பிரதி மட்டும் வைப்பது இந்தத் தொழிலில் பாவம். அதனால் மூன்று வைத்தான். மூன்றையும் ஒரே டிஸ்கில் வைத்தான். பத்திரமாக வைத்துவிட்டோம் என்று அன்றைக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டதுகூட நினைவுக்கு வந்தது.

இது அந்த அறையில் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். மணி ஒன்று முப்பத்தொன்று.

"ஆறு மணி வரைக்கும் பச்சையாவே இருக்கட்டும்" என்றார் அத்தான். "நான் போய் அழிச்சு, புதுசா எடுத்துடறேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"உங்க மிரர்ல எத்தனை மெஷின் எடுக்குது?"

"பதினஞ்சு."

"ஒண்ணு நின்னுடுச்சு. மீதிப் பதினாலும் ரெண்டு மணிக்கு ஓடும், அத்தான்."

"நாப்பது நாள் ஓடலையா? இன்னும் நாலு மணி நேரத்துல என்ன குடி முழுகிப்போயிடும்?"

ஸ்டூல் கிறீச்சிட்டது. கெடிகாரம் மேசைப் பக்கம் திரும்பி, புதுப் புரோகிராமைப் பழையதன் இடத்தில் வைக்கத் தொடங்கினான். அத்தான் அவன் கைக்கு அடியிலிருந்து கீபோர்டை உருவி, இரண்டு கையாலும் ஓங்கி, அதை அவன் மண்டையில் இறக்கினார். பொத்தான்கள் நாலாபக்கமும் தெறித்தன. இன்னொரு அடி. கீபோர்டு நடுவில் வளைந்தது. நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

புது மாப்பிள்ளையைத் திருப்பி அடிக்க முடியாது. அக்காவுக்கு யார் பதில் சொல்வது? கெடிகாரம் தலையை மட்டும் கைகளால் மூடிக்கொண்டான். அத்தான் அந்தக் கைகளில் வலது கையைப் பிடித்து, விரல்களைப் பின்பக்கமாக வளைத்தார். "பச்சைன்னு சொல்லு! பச்சையா விடறேன்னு சொல்லுடா!"

வெல்டர் எழுந்தார்.

"தம்பி, அடிக்கறதுன்னா கைய விட்டுட்டு அடி."

"இது குடும்ப விஷயம். நீங்க யாருங்க நடுவுல?"

"அந்தக் கை ரெண்டு மணி வரைக்கும் அவன்கிட்ட இருக்கு. அதுக்கப்புறம் என்னோடது. ஒடஞ்சத வாங்கிட்டுப் போக நான் வரல."

அத்தான் விடவில்லை. வெல்டர் குழாயைக் குறுக்காகப் பிடித்து அவர் வாயில் இடித்தார். ஈரத் துணியைத் தரையில் அறைந்தாற்போல ஒரு சத்தம். அத்தான் அலமாரியில் மோதினார்; அலமாரி மேல் இருந்த தண்ணீர் கேன் அவர் தோளில் விழுந்து வெடித்தது. எழுந்து, மேசை மேல் கிடந்த ஸ்குரூடிரைவரை எடுத்து வெல்டரின் முன்கையில் குத்தினார். வெல்டர் குத்தின இடத்தைக் குனிந்து பார்த்தார். தீப்பொறி விழுந்து விழுந்து மரத்துப்போன கை அது. ஸ்குரூடிரைவரைத் தானே பிடுங்கி, பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, குழாயால் அத்தானின் தொடையில் ஒன்று, அதே தொடையில் இன்னொன்று, விலாவில் ஒன்று என்று இறக்கினார். மூன்றாவதில் எலும்பு முறியும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அத்தான் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். வெல்டர் அவர் மார்பில் செருப்புக் காலை வைத்தார்.

"மணி என்னடா?"

"ஒண்ணு நாப்பத்திரெண்டு."

"அடி, அடி. டைப் அடி."

கெடிகாரம் தரையில் மண்டியிட்டு, ரத்தமும் தண்ணீரும் கலந்த சேற்றில் பொத்தான்களைப் பொறுக்கினான். மேசை மேல் ஒவ்வொன்றாகப் பொருத்தினான். ஒன்று மட்டும் எந்தக் குழியிலும் உட்காரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அத்தானின் முன்பல். பேனா வைக்கும் டப்பாவில் போட்டுவைத்தான்.

எண்டர் பட்டன் கிடைக்கவே இல்லை. அது இருந்த குழியில் ஸ்குரூடிரைவரை விட்டு அழுத்தினால் வேலை செய்தது. வெல்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். புதுப் புரோகிராம் பழையதன் இடத்தில் போய் உட்கார்ந்தபோது மணி ஒன்று ஐம்பத்திரண்டு. இருபத்திரண்டு வரி அப்படியே கடந்தது. ஏழாவது மிரரில் வந்து நின்றது. சிவப்பாக்க வேண்டுமானால் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அதை மனிதன்தான் எழுத வேண்டும்.

"ஆக, எல்லாம் இவன் வேலை" என்றார் வெல்டர், காலுக்கு அடியில் இருந்தவரைக் காட்டி. "உன்னைய இவன் ஏமாத்தியிருக்கான். வீடியோவ எவனோ கொட்டியிருக்கான். உன்மேல ஒண்ணும் பெருசா இல்ல போலிருக்கே. போ, கைய நீயே வெச்சுக்க."

கெடிகாரம் கட்டத்தைப் பார்த்தான். கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. 'மிரரை நடத்துபவரின் மோசடி' என்று மூன்று வார்த்தை போட்டால் போதும். பொய்யும் இல்லை. கை மிச்சம். அத்தானுக்குப் போன பல் போனதுதான். தேதிக் கோப்பும் பொய் சொல்லவில்லைதான். அதில் இருந்த மணி சரியான மணி.

தட்டினான். ஒரு நிமிடம் ஆயிற்று. ஸ்குரூடிரைவரை எடுத்துக் குழியில் அழுத்தினான்.

மணி ஒன்று ஐம்பத்தாறு. ஏழாவது மிரர் முதல் வரியிலிருந்து சரிந்து, கடைசி வரிக்குப் போய்ச் சிவப்பானது.

வெல்டர் குனிந்து, உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "நாற்பத்தொரு நாள் பழசு. காரணம்: டிஸ்க் நிறைந்தது. நிறைத்தது, அக்கா கல்யாண வீடியோவை மூன்று பிரதியாக வைத்த இந்தப் பட்டியல்காரன். மறைத்தது, மிரரை நடத்துபவர். கண்டுபிடிக்காதது, இந்தப் பட்டியல்."

நிமிர்ந்தார். தரையில் கிடந்த அத்தானும் தலையைத் தூக்கினார்.

"நீயாடா கொட்டின?" என்றார் அத்தான், பல் போன வாயால்.

"இத நீ எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார் வெல்டர்.

"தெரிஞ்சிருக்காது."

"பின்ன எதுக்குடா எழுதின?"

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அண்ணே. தப்பா நெரப்பினா நாளைக்கு யாராவது பாத்துட்டு வந்து அடிப்பாங்க."

மூன்று பேரும் மணியைப் பார்த்தார்கள். ஒன்று ஐம்பத்தெட்டு. ஒன்று ஐம்பத்தொன்பது. ஜெராக்ஸ் மெஷின் பேப்பர் தீர்ந்து நின்றது. மணி இரண்டு ஆனதும் கெடிகாரம் கீபோர்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, வலது கையை மேசை மேல் விரித்து வைத்தான். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டான்.

வெல்டரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, எங்கூட இருந்தவ ஒருத்தி அடுத்த பட்டறைல இருக்கால்ல? அவ பிரஸ் ஓடலையாம். சிவப்பு காட்டுதாம். அந்தப் பட்டறை சூப்பர்வைசர் கத்தறாராம். பக்கத்துப் பட்டறையும் நின்னுடுச்சாம்." இப்போது குரலில் மயக்கம் இல்லை. "நான் போன்ல பட்டியலப் பாத்துட்டேன். காரணமும் படிச்சேன். கல்யாண வீடியோவா?"

"ஆமா."

"மூணு பிரதியா?"

"ஆமா."

போனுக்குப் பின்னால் வார்டில் யாரோ முனகுவது கேட்டது. "அவன் கை எங்க?"

"மேசை மேல இருக்கு. அவனே வெச்சிருக்கான்."

"எந்தக் கை?"

"வலது."

"வலது வேணாண்ணா. நாளைக்கு எது பழசு, எது புதுசுன்னு யாரு பாத்துச் சொல்றது? அந்தப் பதினாலு பிரஸ்லயும் பொண்ணுங்க நிக்கறாங்க. அந்தக் கைய விடு." மூச்சு இழுக்கும் சத்தம். "என்னோடதும் இடதுதான்."

"எத்தன?"

"எனக்கு எத்தன போச்சோ அத்தன."

கெடிகாரம் வலது கையை எடுத்துவிட்டு இடது கையை வைத்தான். சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் தெரிய, மற்றதை மடக்கிக்கொண்டான். கணக்கு சரியாக இருந்தது. அதில் அவனால் ஒரு பிழையும் சொல்ல முடியவில்லை. கண்ணை மூடாமல் திரையைப் பார்த்தான்.

குழாய் இறங்கியது. முதலில் சத்தம், அப்புறம்தான் வலி. இரண்டுக்கும் நடுவில் பட்டியல் ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டது. இருபத்திரண்டு வரி பரவாயில்லை, ஒன்று சிவப்பு. அப்புறம் அவன் கத்திய கத்தலில் ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் தடவையாக மாடிப்படியில் ஏறி வந்து, எட்டிப் பார்த்து, வந்த வழியே இறங்கிப் போனார்.

வெல்டர் தன் கர்ச்சீப்பைக் கிழித்து, இரண்டு விரலையும் ஒரு பென்சிலோடு சேர்த்துக் கட்டினார். நல்ல கட்டு. தொழில் தெரிந்த கை. "வண்டில பின்னாடி உக்காருவியா? விழுந்துட மாட்டியே?" என்றார். அத்தானை நடுவில் உட்கார வைத்து, மூன்று பேராக ஒரே வண்டியில் போனார்கள். வழியில் கல்லூரி அடித்தளத்தில் நிறுத்தி, அத்தானைக் கைத்தாங்கலாக இறக்கி, ஒன்றை விட்டுவைத்தாலும் இடம் போதாது என்பதால் மூன்று பிரதியையும் அழிக்கச் செய்து, நகல் ஏற ஆரம்பித்ததைக் கெடிகாரம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வெல்டர் வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அத்தானை சூப்பர்வைசருக்குப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். கெடிகாரத்துக்குக் கட்டில் கிடைக்கவில்லை. பிரஸ் ஆபரேட்டரின் கட்டிலுக்குப் பக்கத்தில், இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவளும் இடது கையைத் தலையணை மேல் தூக்கிவைத்திருந்தாள். ஒருத்தர் கட்டை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒனக்குக் கூடிடும்" என்றாள். "எனக்கு எடுத்துட்டாங்க. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுடாத."

"நெனக்கல."

"அந்த ஏழாவது இன்னும் சிவப்பாவே இருக்கே?"

"ஏறிட்டிருக்கு. முழுசா ஏறினப்புறம்தான் பச்சையாகும்."

"நெசமா ஏறிச்சான்னு பாப்பியா? இல்ல, சீட்ட மட்டும் படிப்பியா?"

"எழுத்துக்கு எழுத்துப் பாக்கும்."

அவள் போனை எடுத்து மறுபடி பட்டியலைத் திறந்தாள். அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. அதுதான் சரி என்று கெடிகாரத்துக்கும் பட்டது.

அப்போது வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. வேகமாக வந்து, நடுவில் நின்றது. மறுபடி தொடர்ந்தபோது ஒரு காலின் சத்தம் மட்டும்தான் கேட்டது. இன்னொரு செருப்பு கைக்குப் போய்விட்டது. அக்கா பட்டியலைப் படித்துவிட்டாள். புருஷனையும் பார்த்துவிட்டாள்.

"மூணு பிரதி வெச்சியேடா! மூணுல ஒண்ணாவது இருக்கா?"

"இல்ல, அக்கா."

செருப்பு மேலே போனது. கெடிகாரம் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து கொடுத்தான்.

"அக்கா, இந்தக் கைய மட்டும் விட்டுடு."

"ஆமா" என்றாள் பிரஸ் ஆபரேட்டர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது எங்களோடது."